ஓடாத தண்ணீர்

காலை ஐந்து நாற்பது. வேனின் விளக்கொளியில் முதலில் தெரிந்தது சாலையோரம் அடிபட்டுக் கிடந்த ஒரு கங்காரு. வழிகாட்டி ரோஸ் வண்டியை நிறுத்தி இறங்கிப் போய், அதன் வயிற்றுப்பைக்குள் கைவிட்டுத் துழாவினார். குட்டி இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து வண்டியை எடுத்தார். ஆஸ்திரேலியாவின் நடுப்பாலைவனத்தில் இருக்கும் இந்த ஊரில் இது அன்றாட வழக்கம். எட்டு ஆண்டுகளாகப் பார்க்கிறேன், இன்னும் பழகவில்லை.

ரோஸ் இந்த மண்ணின் பூர்வகுடிப் பெண். மலையிடுக்குகளையும் தம் முன்னோரின் பாறை ஓவியங்களையும் ஒரே நாளில் சுற்றிக்காட்டுவது அவர் வேலை. என் பக்கத்தில் அத்தை, என் மனைவியின் தாய். மகளைப் பார்க்கச் சின்னமனூரிலிருந்து மாமாவோடு வந்தவர். இப்போது மாமாவின் அஸ்தி அவர் மடியிலிருந்த துணிப்பைக்குள் இருந்தது. வேனில் அது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

மாமா வந்த இடத்தில் மாரடைப்பில் இறந்தார். நம் பக்கம் மறுநாள் காலையில் பால் தெளித்து எலும்பெடுத்து, பகலுக்குள் முல்லையாற்றில் கரைத்துவிட்டு வந்து குளிப்போம். இங்கே சாம்பல் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வந்துசேரப் பதினோரு நாளாயிற்று. வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதால் கார் டிக்கியில் வைத்தோம். அத்தை தினமும் காலையில் காருக்குப் பின்னால் ஒரு டம்ளர் காப்பி வைத்தார். காரில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன்.

இந்த ஊர் ஆற்றில் மணல்தான் உண்டு. அத்தையின் விசா முடிய ஒரு வாரமே இருந்தது. ஊருக்கே எடுத்துப் போகலாமே என்று சொல்லிப் பார்த்தேன்.

"அவுகள என்ன பார்சலாவா கொண்டு போறது, மாப்ள?"

மலையிடுக்கில் தண்ணீர் நிற்கும் படத்தை அவருக்குக் காட்டியது நான்தான். முன்பதிவு செய்ததும் நான். ரோஸிடம் அனுமதி கேட்டிருக்கலாம். மறுப்பார் என்று கேட்கவில்லை. மதுரையில் பன்னிரண்டு ஆண்டுகள் நிருபராக, கேள்வி கேட்டே பிழைத்தவன் நான்.

நண்பகலில் சிவந்த பாறைகளுக்கு நடுவே நடந்தோம். இறந்தவர்களின் பெயரைத் தம் மக்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை என்றார் ரோஸ். மொழிபெயர்த்தேன். "அவுக இருந்தப்பவே நான் பேரச் சொன்னதில்ல" என்றார் அத்தை. அதை நான் ஆங்கிலத்தில் சொன்னதும் ரோஸ் அவர் தோளைத் தொட்டார். பிறகு சுனையைக் காட்டி, இந்தத் தண்ணீரை வெளியாட்கள் தொடக் கூடாது என்றார். இதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்ததும் அத்தை தண்ணீரோரம் போனார். பாதியைக் கொட்டியதும் கை நின்றுவிட்டது. சாம்பல் ஓர் அடி தள்ளி அப்படியே மிதந்தது.

"ஓடலையே, மாப்ள. அவுக அங்கனயே நிக்காக."

ரோஸ் வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. யார் என்று கேட்டார், சொன்னேன்.

"நாங்கள் குடிக்கும் தண்ணீர் இது. அதைக்கூட விடுங்கள். இவரை இங்கே யாருக்கும் தெரியாதே. யாரிடம் போய் நிற்பார்?"

அதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அத்தை மணலில் உட்கார்ந்துவிட்டார். "அந்த ஆத்தா மொதல்லயே சொல்லிருந்தா நான் கை வச்சிருப்பேனா?" என்றார். சொன்னார் என்று நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

மாலைக்குள் தம் குலத்துப் பெரியவர்களிடம் தெரிவித்தாக வேண்டும் என்றார் ரோஸ். திரும்பும் வழியில் அவர் எதையும் விளக்கவில்லை. மீதிச் சாம்பலை அத்தை விமானத்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுபோனார். மைத்துனன் அதைச் சுருளி அருவியில் கரைத்தான்.

அந்தச் சுனைக்கு இப்போது சுற்றுலா வண்டிகள் போவதில்லை.