ஆமை நின்றுபோன நீச்சல்குளம்

“வே, ஒடனே பொறப்பட்டு வாரும். ஆமை மறுபடியும் நின்னுபோச்சு!”

போனில் இப்படிச் சொன்னவர் பைபாஸ் ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த ஓட்டலின் மேனேஜர். எனக்கு வண்ணார்பேட்டையில் மோட்டார் ரிப்பேர் கடை. அந்த ஓட்டலில் போர்வெல் மோட்டார் மாட்டிக் கொடுத்தது நான்தான். அதனால் தண்ணீர் சம்பந்தமாக எது நடந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார். ஆனால் ஆமை நின்றதற்கு என்னை ஏன் கூப்பிடுகிறார் என்று புரியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. நல்ல கோடை. திருநெல்வேலியில் நீச்சல்குளம் வைத்த ஓட்டல் என்றால் அப்போது வேடிக்கை பார்க்கவே ஆட்கள் வருவார்கள். முதலாளி மேலப்பாளையத்துக்காரர், துபாயில் வியாபாரம். அங்கிருந்து அவர் அனுப்பி வைத்த மிஷின்தான் அந்த ஆமை. நீலக் கலர், வட்ட முதுகு, பின்னால் நீளமான ஹோஸ். ஹோஸின் மறுமுனையைக் குளத்துச் சுவரில் தண்ணீர் இழுக்கிற வாயில் சொருகிவிட வேண்டும். பம்பு ஓடும்போது அந்த இழுப்பிலேயே ஆமை தரையில் ஊர்ந்து போய் மண்ணையும் குப்பையையும் உறிஞ்சும். தனியாக மோட்டாரும் கிடையாது, கரண்டும் கிடையாது. வயிற்றுக்குள் ஒரு ரப்பர் மட்டும் ‘டக் டக்’ என்று அடித்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரே குஷியாகிவிட்டது.

மேனேஜர் பாங்கில் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். குளத்து ஓரமாக வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வெள்ளிக்கிழம மொதலாளி வாராரு. வந்ததும் ஆமையத்தான் கேப்பாரு. நான் என்ன சொல்லட்டும்?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இது மிஷின் கோளாறு இல்ல வே. எல்லாம் அந்தா நிக்கான் பாரும், அவன் வேல” என்றார்.

அவர் காட்டிய இடத்தில் நீளக் கம்பு பிரஷ்ஷோடு நின்றவர் சுடலைமுத்து. சீவலப்பேரிக்காரர். ஆற்றில் முங்கி விளையாடியே வளர்ந்த ஆள். ஓட்டல் திறந்த நாளிலிருந்து குளத்தைச் சுத்தம் செய்கிற வேலை அவருடையது. ஆமை வந்ததும் அவரை எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பேச்சு வந்துவிட்டது. அந்தப் பேச்சு வந்த வாரம்தான் ஆமையும் நிற்க ஆரம்பித்திருக்கிறது.

“வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடலன்னா அவன் கணக்க முடிச்சு அனுப்பிருவேன்” என்றார் மேனேஜர்.

வட்டம் போட்ட கதை

முதலில் சின்னச் சின்னக் கோளாறுகளைப் பார்த்தேன். ஆமை ஒரே மூலையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. ஹோஸைச் சுருட்டியே வைத்திருந்ததால் அதற்குச் சுருள் விழுந்துவிட்டது. அது எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கமே ஆமையை இழுக்கும். மொட்டைமாடி வெயிலில் நீட்டிப் போட்டதும் ஹோஸ் நிமிர்ந்துகொண்டது. அடுத்து, சுத்தமான தண்ணீர் குளத்துக்குள் திரும்பி வருகிற குழாய்வாய் ஆமையை ஏணிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. அதைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி வைத்தேன். குப்பை பிடிக்கிற கூடையில் வேப்பம்பூ அப்பிக் கிடந்தது. அதைத் தட்டிச் சுத்தம் செய்தேன்.

ஆமை ஜம்மென்று ஓடியது. எதிர்ச்சுவரில் பாதி தூரம் ஏறிவிட்டு இறங்கியது. மேனேஜர் கைதட்டினார். நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். போன் வந்தது.

“நின்னுபோச்சு வே!”

மறுநாளும் அதேதான். காலையில் ஓடும், மத்தியானம் தாண்டினால் நின்றுவிடும். போய்ப் பார்த்தால் திரும்பி வருகிற குழாயில் நுரை நுரையாகக் காற்று. எங்கோ காற்று இழுக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. ஹோஸ் ஜாயின்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அவற்றில் ஒன்று, ஆமை முதன்முதலில் நின்ற நாளே தளர்ந்து கிடந்ததாக மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த ஜாயின்ட்டுக்கு வாஷர் போட்டேன், டேப் சுற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. மேனேஜருக்கோ சந்தேகம் உறுதியாகிவிட்டது.

“நீரு இருக்கும்போது ஓடுது. நீரு போனதும் நிக்கி. அப்ப யாரு செய்யுதா?”

சுடலை சொன்னது

மேனேஜர் உள்ளே போனபிறகு சுடலைமுத்துவைப் பம்பு ரூம் நிழலுக்குக் கூட்டிப்போனேன். இரண்டு பேருக்கும் டீ வாங்கினேன்.

“அண்ணாச்சி, நீங்களும் என்னையத்தான் கேக்கப் போறியளா?” என்றார்.

“நான் மிஷின் பாக்க வந்தவன். ஆள் பாக்க வரல. தெரிஞ்சதச் சொல்லுங்க, எனக்கு வேல சுளுவாகும். இங்கன பேசுதது நம்ம ரெண்டு பேரோட முடிஞ்சிரும்.”

டீயை ஒரு வாய் குடித்தார். பிறகு சட்டென்று சிரித்துவிட்டார்.

“மொத நாளு நாந்தான் அண்ணாச்சி. அது என் வேலையச் செய்யுதத பாத்தேனா, வயிறு எரிஞ்சுது. பைய உள்ள முங்கி ஜாயின்ட்ட நெகிழ்த்தி விட்டேன். ஆனா மறுநாளே என் மவ மேல ஆணையா விட்டுட்டேன். அதுக்கப்புறம் நிக்கது எல்லாம் அதுவா நிக்கி. எனக்கே பயமா இருக்கு. செய்யாததுக்கும் சேத்துல்லா பழி வருது!”

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த ஒரு பேச்சில் வேலை பாதி முடிந்துவிட்டது. ஜாயின்ட் தளர்ந்தது தனிக் கதை, மத்தியானம் நிற்பது தனிக் கதை. நான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, நன்றாக இருக்கிற ஹோஸையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

“காலைல மொத வேலையா என்ன செய்வீங்க?” என்று கேட்டேன்.

“தண்ணி விடுவேன். தெனம் கொறையுதுல்லா, வெயிலு.”

“எவ்வளவு கொறையும்?”

அவர் கையை விரித்து ஒரு சாண் காட்டினார். வெயில் என்னதான் கொளுத்தினாலும் ஒரு நாளில் அவ்வளவு தண்ணீரைக் குடிக்காது.

பக்கெட்

மறுநாள் காலையில் ஒரு பக்கெட்டில் தண்ணீர் நிரப்பிக் குளத்துப் படியில் வைத்தேன். பக்கெட்டுக்குள் ஒரு கோடு, குளத்து டைல்ஸில் ஒரு கோடு. வெயில் குடித்தால் இரண்டிலும் ஒரேமாதிரி குறையவேண்டும். மத்தியானம் பார்த்தால் பக்கெட்டில் கோடு நனைந்தபடியே இருந்தது. குளத்திலோ தண்ணீர், ஹோஸ் சொருகியிருந்த வாய்க்கும் கீழே இறங்கிவிட்டது. தண்ணீர் எட்டாத வாய் காற்றைத்தானே இழுக்கும்? ஆமை நின்றது.

பம்பை நிறுத்திவைத்துப் பார்த்தேன். தண்ணீர் இறங்கவில்லை. ஆக, பம்பு ஓடும்போதுதான் எங்கோ போகிறது. ஃபில்டர் தலையில் இருக்கிற கைப்பிடி வால்வைத் திறந்தேன். அதற்குள் சக்கரக் கம்பி மாதிரி நாலாபக்கமும் கை விரித்த ஒரு ரப்பர் இருக்கும். அதில் ஒரு கை கிழிந்திருந்தது. ஃபில்டருக்குப் போகவேண்டிய தண்ணீரில் ஒரு பங்கு, அழுக்குத்தண்ணீரை வெளியேற்றுகிற குழாய் வழியாக ஓடியிருக்கிறது. அந்தக் குழாய் பூமிக்குள்ளேயே போய்ப் பின்பக்கச் சாக்கடையில் சேர்வதால் யார் கண்ணிலும் படவில்லை.

அந்த ரப்பர் மெட்ராஸிலிருந்து வரவேண்டும். வெள்ளிக்கிழமையோ மறுநாள். ஜங்ஷனில் ரப்பர் ஷீட் வாங்கிவந்து, பழையதை மேலே வைத்து வரைந்து, பிளேடால் அறுத்தேன். முதல் துண்டு பிசகிவிட்டது. இரண்டாவதற்கு ஷீட் நகராமல் சுடலைமுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஒட்டி, மாட்டி, குளத்தில் பழையபடி கோடுவரை தண்ணீர் விட்டு, பம்பைப் போட்டேன். இருட்டும்வரை பக்கெட்டும் குளமும் சமமாக நின்றன.

மேனேஜரிடம் கிழிந்த ரப்பரைக் காட்டினேன். “இதுதான் சார் கள்ளன்” என்றேன். முதல் நாள் விஷயத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அவர் ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப சுடலை?”

“இந்த மிஷினு படியில ஏறாது சார். ஏணி இடுக்குல போகாது. கூடையத் தட்ட, ஹோஸ நிமுத்த, தண்ணி மட்டம் பாக்க ஒரு ஆள் வேணும். அந்தாள விட்டா உங்களுக்கு யாரு இருக்கா?”

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். ஆமை சுவரில் ஏறி இறங்குவதைச் சின்னப்பிள்ளை மாதிரி குந்தவைத்துப் பார்த்தார். “இத ஓட்டுதது யாரு?” என்று கேட்டார். மேனேஜர் ஒரு நொடி என்னைப் பார்த்தார், பிறகு சொன்னார்: “நம்ம சுடலைமுத்துதான் மொதலாளி.” சுடலைமுத்து பிரஷ்ஷை அப்படியே கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு மிஷின் நின்னுபோச்சு என்று கூப்பிட்டால், திட்டுகிற ஆளை முதலில் உள்ளே அனுப்பிவிடுங்கள். மிஷின் பக்கத்தில் நிற்கிற ஆளிடம் உட்கார்ந்து பேசுங்கள். தன் தலை உருளாது என்று தெரிந்தால் அவர் செய்ததையும் சொல்லுவார், செய்யாததையும் சொல்லுவார். அதைக் கேட்டபிறகு ஸ்பானரை எடுங்கள்.