ஜக்கரண்டா பார்க்கப் போன பிள்ளைகள்

சனிக்கிழமை மாலை ஐந்தே கால். பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பஸ் எங்கள் தோட்டத்துக்குக் கீழே தெரு வளையும் முடக்கில் நின்றது. ஒரு கிழவர் கோதுமை மா மூட்டையோடு இறங்கினார். என் மகளும் அண்ணன் மகளும் இறங்கவில்லை.

மறுநாள் காலை அண்ணன் குடும்பம் இந்தியாவுக்குப் போகிறது. அழுகைக் கோச்சி என்று எல்லாரும் சொல்லும் அந்த ரயிலில். இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தத்தில் எனக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது, அவருக்கு இந்தியா என்று வந்தது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற எனக்கே அதற்கு மேல் விளக்கம் தெரியவில்லை.

பிள்ளைகள் இரண்டும் பதுளையில் ஒரே வகுப்பு. வருஷந்தோறும் ஜக்கரண்டா மரங்கள் பூக்கும் நாட்களில் பள்ளி விட்டதும் நேரே பஸ்ஸுக்கு வராமல், ஊதாப் பூ உதிர்ந்து கிடக்கும் தெருக்களைச் சுற்றிக்கொண்டுதான் வருவார்கள். எங்கள் மலையில் தேயிலையைப் பூக்க விடுவதில்லை. பூத்தால் கொழுந்து குறையும். வெறுமனே பூப்பதற்கென்று ஒரு மரத்தைத் தெருவில் விட்டு வைத்திருப்பது அவர்களுக்குத் தீராத அதிசயம். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறோம் என்றார்கள். அண்ணன் தயங்கித்தான் சரி சொன்னார்.

அண்ணி மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார். "பூவப் பாத்தாச்சுன்னா வரவேண்டியதுதானே தம்பி? மரத்தையும் வேரோட கட்டிக்கிட்டு வர்றாளுகளோ?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் மனைவி என்னைத் தனியே அழைத்துச் சொன்னாள். காலைப் பெரட்டில் தோட்ட வேலையாட்களின் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால், அன்றைக்கு அந்தப் பெயரை வெட்டிவிடுவார்கள். கோச்சிக்கும் அப்படித்தான் என்று மகள் நம்பியிருந்தாளாம். ஒரு நாள் பெரியப்பா மகள் அக்காவைக் காட்டாமல் வைத்திருந்தால் பெயரை வெட்டிவிடுவார்கள், பிறகு அவள் நம் வீட்டிலேயே இருந்து படிக்கலாம்தானே என்று போன வாரம் கேட்டிருக்கிறாள். மனைவி அதை விளையாட்டென்று விட்டுவிட்டாள்.

ஒரு பிள்ளை குறைந்தால் எல்லாருடைய பயணமும் நின்றுபோகும். இங்கே திரும்பி இருக்கவும் இடமில்லை. அண்ணன் குடியிருந்த லயத்து அறையை, அந்தக் காம்பிராவை, வேறு குடும்பத்துக்குக் கொடுத்தாகிவிட்டது. புதிதாக வருகிறவர்களுடைய பாய்கள் ஏற்கெனவே வாசலில் கிடந்தன. அண்ணனிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. என் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் பயப்பட்டார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இருட்டத் தொடங்கியபோது கடைசி பஸ்ஸின் சத்தம் கேட்டது. நான் தெருவுக்குப் போகும் படிகளில் பாதி இறங்குவதற்குள் அண்ணன் மகள் தனியே ஏறி வந்தாள். தலையில், தோளில் ஊதாப் பூக்கள். அழுத முகமாகத் தெரியவில்லை.

"பேரெல்லாம் வெட்ட மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும் சித்தப்பா. அவ மனசுக்காகத்தான் இவ்வளவு நேரம் மரத்தடியில உக்காந்திருந்தேன். கீழ முடக்குல நிக்கிறா. நீங்க போய்க் கூட்டியாங்க. நான் கூப்பிட்டா வரமாட்டா."