அப்பா இறுக்கிய நட்டு

எங்கள் தெருவில் சைக்கிள்களுக்குப் பஞ்சமில்லை. என் கணக்கில் வந்தவை இரண்டே. ஒன்று அப்பாவுடையது, இன்னொன்று பக்கத்து வீட்டிலிருந்த அத்தையுடையது. அத்தை அப்பாவின் தங்கை.

அப்பாவின் சைக்கிளில் ஹேண்டில் பார் துருவேறி இறுகிப்போயிருக்கும். நகாசி கடைவீதி வரை போய்வருவதற்குள் அதோடு மல்லுக்கட்டி அவருக்கு வேர்த்துவிடும். கனமான வண்டி என்றால் அப்படித்தான் என்று பெருமை வேறு. அத்தையின் சைக்கிள் வேறு ரகம். ஒரு கையில் காய்கறிப் பையோடு, மறு கையால் சீட்டை மட்டும் பிடித்துத் தள்ளிக்கொண்டு வருவாள். சீட்டை இடது பக்கம் லேசாகச் சாய்த்தால் முன்சக்கரம் தானாக இடது பக்கம் திரும்பும். அதில்தான் நான் ஓட்டப் பழகினேன். விழப்போகிறேன் என்று நான் பயப்படுவதற்குள் அதுவே திரும்பி என்னைத் தாங்கிக்கொள்ளும்.

அந்த வருடம் எங்கள் தீவில் ராணுவம் அரசைக் கவிழ்த்தது. தலைநகர் சுவாவுக்குப் போகும் சாலையில் சிப்பாய்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். அப்பா ஜன்னல்களுக்குக் கம்பி அடித்தார், கேட்டுக்கு இரண்டாவது பூட்டுப் போட்டார். அத்தையும் மாமாவும் கனடாவுக்குப் போவதென்று முடிவு செய்தார்கள்.

தீவிலிருந்த மற்ற இந்தியர்களைப் போல எங்கள் வீட்டிலும் எல்லோரும் பேசியது ஹிந்திதான். அப்பாவும் அத்தையும் மட்டும் தங்களுக்குள் தமிழில் பேசிக்கொள்வார்கள். பயணம் முடிவான நாளிலிருந்து அவர்களும் ஹிந்திக்கு மாறிவிட்டார்கள். அதுவும் அளந்து அளந்து.

அத்தை தன் சைக்கிளை எனக்குக் கொடுத்துவிட்டாள். புறப்படும் அன்று பெரிய சாலை வரை வேனுக்குப் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்று நான் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன். தெருவே நாண்டி விமான நிலையத்துக்குப் போய் வழியனுப்பத் தயாரானது. அப்பா மட்டும் ஆபீஸில் வேலை இருக்கிறது என்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை.

அத்தை கழுத்து நிறையப் பூமாலைகளோடு வேனில் ஏறினாள். வேன் நகர்ந்தது, நானும் மிதித்தேன். கேட்டைக்கூடத் தாண்டவில்லை, விழுந்தேன். எழுந்து மறுபடி மிதித்தேன். சைக்கிள் சாய்ந்தது, ஆனால் சாய்ந்த பக்கம் திரும்பமாட்டேன் என்று அடம்பிடித்தது. மறுபடி விழுந்தேன். அத்தை போவதால் அது என்மேல் கோபமாக இருக்கிறது என்று நினைத்து ஓவென்று அழுதேன்.

வேன் நின்றது. அத்தை இறங்கி வந்து, முன்சக்கரத்தைத் தூக்கி, சைக்கிளைச் சாய்த்துப் பார்த்தாள். ஹேண்டில் பார் அசையவே இல்லை.

"யாரு இத இறுக்குனது?" என்றாள், தமிழில்.

"நான்தான்" என்றார் வாசலில் நின்றிருந்த அப்பா. அவரும் தமிழில். "லொடலொடன்னு ஆடிக்கினு இருந்துச்சு. புள்ள வுழுந்துடக்கூடாதுன்னு..."

"அது ஆடணும் அண்ணே. சாயற பக்கம் தானா திரும்புனாத்தான் நிக்கும். கட்டிப்போட்டா வுழாம இன்னா பண்ணும்?"

அப்பா உள்ளே போய் ஸ்பேனரை எடுத்து வந்தார். அதற்கே வெகுநேரம் ஆனது. ஹேண்டில் பாரின் கழுத்திலிருந்த பெரிய நட்டைத் தளர்த்தினார். பிறகு இறுக்கினார். சட்டை நுனியால் துடைத்தார். மறுபடி தளர்த்தினார். டிரைவர் ஹாரன் அடித்தார். யாராவது மெதுவாக வேலை செய்தால் எரிந்துவிழும் அத்தை, புதுச் சேலையோடு மண்ணில் உட்கார்ந்து, முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவாவே பண்ணு அண்ணே" என்றாள்.

நான் காலை உதைத்துக்கொண்டு, சீக்கிரம் சீக்கிரம் என்று கத்தினேன். கடைசியில் வேன் கிளம்பியது. பெரிய சாலை வரை ஒருமுறைகூட விழாமல் ஓட்டினேன். ஜன்னலுக்கு வெளியே அத்தையின் கை தெரிந்தது. திரும்பி வந்தபோது அப்பா அதே இடத்தில் ஸ்பேனரோடு நின்றுகொண்டிருந்தார். ஒரு நட்டுக்கு இவ்வளவு நேரமா என்று கேட்டேன். அவர் ஸ்பேனரைச் சட்டை நுனியால் துடைத்தார்.

போன வாரம், நான் இப்போது இருக்கும் சிட்னியில், என் மகளின் சைக்கிளுக்கு அதே மாதிரி ஒரு நட்டைத் தளர்த்தினேன். கால் சுற்றுத்தான். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. நட்டு தளர்ந்துவிட்டால் வேன் கிளம்பிவிடும் என்பது அன்று அவர்கள் இருவருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.