எந்தக் கட்சிக்கும் சேராத சேலை

நத்தத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு இருபத்து மூன்று மைல். பஸ்ஸுக்குத் தலைக்குத் தொண்ணூறு காசு. காலை ஆறரை மணி வண்டி என்று பேர், கிளம்பும்போது ஏழாகிவிடும். டிரைவர் டீ குடிப்பார், கண்டக்டர் வெற்றிலை வாங்குவார், அதற்குள் இன்னும் நான்கு பேர் ஏறுவார்கள். நாங்கள் போன அன்று அதோடு ஒரு கட்சிக்காரர் கூட்டம் வந்து வண்டியின் முதுகில் சுவரொட்டி ஒட்டியது. டிரைவர் இறங்கிப் போய் அதைக் கிழித்தார். அவர்கள் மறுபடி ஒட்டினார்கள். தேர்தல் மாசியில், அப்போது தை மாதம்.

என்னோடு வந்தவள் தனம், என் தங்கச்சி மகள். பத்தொன்பது வயசு. திண்டுக்கல்லில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் தங்கிப் பத்து முடித்தவள். அகில இந்திய அழகிப் போட்டிக்கு எங்கள் மதுரை ஜில்லாவிலிருந்து ஒரு பெண்ணை எடுக்கிறார்கள். முதலாவதாக வருகிறவளை மெட்ராஸுக்கும், அங்கேயும் ஜெயித்தால் பம்பாய்க்கும் அனுப்புவார்கள் என்று அவள் தோழி ஒருத்தி சொல்லியிருந்தாள். மெட்ராஸ் மேடையைப் பார்க்க ஏரோப்ளேன் கம்பெனிக்காரர்கள் வருவார்களாம். பிடித்த பெண்களுக்கு அங்கேயே வேலை கொடுப்பார்களாம். தனத்துக்குக் கிரீடமெல்லாம் வேண்டாம், அந்த வேலைதான் வேண்டும். ஆனால் போட்டியில் கல்யாணமான பெண்ணைச் சேர்க்க மாட்டார்கள். தனத்துக்கோ தாய்மாமன், அதாவது என் தம்பி, மகனோடு பங்குனியில் கல்யாணம் என்று பேசி முடித்தாயிற்று. ஆக, போனால் இந்த ஒரு தடவைதான். பெரியம்மா கூடப் போனால் போகட்டும் என்று என் தங்கச்சி சொல்லிவிட்டாள். மறுக்கிற பாவத்தை என் தலையில் போடலாம் என்று நினைத்திருப்பாள். நான் மறுக்கவில்லை.

சாலையோரத்துப் புளியமரங்களைச் சர்க்காரிடம் ஏலம் எடுத்துக் காய் உலுக்கிப் பிழைக்கிறவள் நான். கோபால்பட்டி வரைக்கும் எந்த மரம் எவ்வளவு காய்க்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குப் பார்த்தால் மரத்துக்கு மரம் சுண்ணாம்பு பூசி, அதன்மேல் ஆளுக்கொரு சின்னம் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஏலத்துக்குப் பணம் கட்டியவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாணார்பட்டி தாண்டும்வரை நான் வைதுகொண்டே வந்தேன். தனம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, சேலை கசங்காமல் முந்தானையை மடியில் மடித்து வைத்துக்கொண்டு வந்தாள். அவள் கட்டியிருந்தது வீட்டிலேயே நல்ல சேலை: சிவப்பு உடம்பு, கறுப்புக் கரை, அதற்கு வெள்ளை ரவிக்கை. பார்க்க லட்சணமாக இருந்தாள். அதில் பொய் இல்லை.

திண்டுக்கல்லில் இறங்கினால் ஒரு கடை திறக்கவில்லை. எந்தக் கட்சியோ கடையடைப்பு அறிவித்திருக்கிறது. பூட்டுக் கடைகளும் பூட்டித்தான் கிடந்தன. பஸ்ஸும் குதிரைவண்டியும் மட்டும் ஓடின. போட்டி நடக்கிற சினிமாக் கொட்டகை பஸ் நிலையத்திலிருந்து அரை மைல். குதிரைவண்டிக்காரர் ஒரு ரூபாய் கேட்டார். நடந்தோம்.

கொட்டகை ஆபீஸில் போட்டியின் காரியதரிசி உட்கார்ந்திருந்தார். கோட்டுப் போட்டவர், கழுத்தில் மப்ளர். முகத்தில் ஒரு வாரத் தூக்கம் பாக்கி. தலையைத் தூக்காமல், "அழகி யாரும்மா?" என்றார்.

"நான்தான்" என்றேன். என் பேர் அழகி. அழகர்மலைக்கு இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு அழகி உண்டு.

அவர் நிமிர்ந்து என் வெள்ளைச் சேலையையும் பொக்கை வாயையும் பார்த்துவிட்டு இருமினார். சிரிப்பை அடக்க இருமினார் என்று எனக்குத் தெரியும். பிறகு தனத்தைப் பார்த்தார். உடனே அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"என்னம்மா இது, கொடிய உடுத்திட்டு வந்திருக்கீங்க?"

கறுப்பும் சிவப்பும் ஒரு கட்சியின் கொடியாம். எங்கள் வீட்டுச் சேலைக்கு அந்தக் கட்சியைவிட வயசு அதிகம் என்றேன். அவர் கேட்கவில்லை. தன் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். முதல் தடவை இந்தப் போட்டியை நடத்தப் போனபோது நீச்சல் உடை கூடாது என்று மாதர் சங்கத்தார் வாசலில் உட்கார்ந்துவிட்டார்களாம். சரி, சேலையிலேயே நடத்தலாம் என்று முடிவாகிறபோது சீனாக்காரன் சண்டை வந்துவிட்டது. நாடு இருக்கிற நிலையில் அழகு பார்க்கிறீர்களா என்று கேட்டு, செய்து வைத்த கிரீடத்தை யுத்த நிதிக்கு ஏலம் விட்டார்களாம். அதற்கப்புறம் ஒரு தடவை வடக்கேயிருந்து வந்த விளம்பரத் துணியில் இந்தி எழுத்து இருந்தது. மாணவர்கள் அதில் தாரைப் பூசி, மேடையையும் பிரித்துப் போட்டார்கள். அதனால்தான் இப்போது மதுரையில் எவரும் ஹால் தரமாட்டேன் என்கிறார்கள். திண்டுக்கல்லுக்கு வந்திருக்கிறோம் என்றார். இங்கேயும் போலீஸ் அனுமதி கொடுத்தது ஒரு நிபந்தனையில்: எந்தக் கட்சியின் நிறமும் சின்னமும் கொட்டகைக்குள் வரக்கூடாது.

"ரெண்டு மணிக்கு ஆரம்பம். அதுக்குள்ள வேற சேலையில வாங்க. இல்லாட்டி என்னைய மன்னிச்சிருங்க" என்றார்.

மற்றப் பெண்கள் காரில் வந்தவர்கள். ரோஸ், ஊதா, வெங்காயத்தோல் நிறம் என்று கட்டியிருந்தார்கள். அவர்கள் வீட்டுக்கு யாரோ முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்குச் சொல்ல ஆளில்லை.

ஊரில் கடையில்லை, அதனால் சின்னாளபட்டிக்கு பஸ் ஏறினோம். மதுரை ரோட்டில் ஏழு மைல், முப்பது காசு. வீட்டுக்கு வீடு தறி ஓடுகிற ஊர். போகாதவர்களுக்குச் சொல்கிறேன்: பஸ்ஸை விட்டு இறங்கியதும் தறிச் சத்தம் காதில் விழும், தெருவின் நீளத்துக்குப் பாவு நூல் விரித்துக் கஞ்சி தடவிக்கொண்டிருப்பார்கள். பார்க்க அத்தனை அழகான தெரு. அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது. முதல் தெருவில் பாவு கறுப்பும் சிவப்பும். அடுத்த தெருவில் மூன்று வர்ணம். அதற்கடுத்த தெருவில் ஒரே சிவப்பு.

எனக்குப் பழக்கமான நெசவுக்காரர் வீட்டில் அவர் சம்சாரம் இருந்தாள். ரோஸ் கேட்டேன், ஊதா கேட்டேன், கத்திரிப்பூ நிறம் கேட்டேன். அவள் கையை விரித்தாள்.

"அதெல்லாம் ஓட்டுப் போட்ட பெறகு வாங்கக்கா. இப்ப தறியில ஏறியிருக்கதெல்லாம் கட்சிதான். மேலத் தறி ஒரு கட்சி, கீழத் தறி ஒரு கட்சி. நடுவுல சோறு ஆக்குற நாந்தான் சுயேச்சை."

பெட்டியில் இருந்த நாலைந்து சேலைகளையும் எடுத்துப் போட்டாள். பச்சை ஆகாது, அதுவும் ஒரு கட்சிக் கொடி. நீலத்தில் நட்சத்திரப் புள்ளி. நட்சத்திரம் ஒரு சின்னம் என்று தனம் சொன்னாள். இன்னொன்றில் கரையெல்லாம் நெற்கதிர். அதுவும் ஒரு சின்னம். விளக்குப் போட்ட சேலையும் சின்னம். காலங்காலமாகச் சேலையில் போட்டதையெல்லாம் இவர்கள் எடுத்துக்கொண்டு போய் ஓட்டுப் பெட்டியில் ஒட்டிவிட்டார்கள். நமக்கு வெறும் நூல்தான் மிச்சம்.

கடைசியில் ஒரு மஞ்சள் சேலை வந்தது. எங்கள் நத்தம் மாரியம்மனுக்கு மாசித் திருவிழாவில் நேர்ந்துகொண்டு கட்டுவார்களே, அதற்காக நெய்தது. பூ இல்லை, புள்ளி இல்லை. அம்மன் எந்தக் கட்சியிலும் இல்லை. பதினான்கு ரூபாய் கொடுத்து வாங்கினேன். தனம் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

பாதி வழியில் பஸ் நின்றது. ஏழெட்டு ஆட்கள் ஏறினார்கள். எல்லார் தோளிலும் புதுத் துண்டு. மஞ்சள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோதும் மஞ்சளாகத்தான் இருந்தது. யாரோ அரிசி மில் முதலாளி சுயேச்சையாக நிற்கிறாராம். நேற்று ராத்திரிதான் நிறம் முடிவாயிற்றாம். அவர்களில் ஒருவர் தனத்தின் மடியில் இருந்த சேலையைப் பார்த்துவிட்டு, "அட, ஆத்தா நம்ம ஆளு" என்று, நின்றுகொண்டிருந்த எனக்கு உட்கார இடம் ஒதுக்கிக் கொடுத்தார். நான் உட்காரவில்லை. திண்டுக்கல்வரை நின்றுகொண்டே வந்தேன்.

காரியதரிசி மஞ்சளைப் பார்த்ததும் மப்ளரை அவிழ்த்து மேஜைமேல் போட்டுவிட்டார். "காலையில இதைக் கட்டியிருந்தா நானே கூட்டிட்டுப் போய் மேடையேத்தியிருப்பேன். பதினோரு மணிக்குத்தான் அவுங்க ஊர்வலம் போச்சு. இப்பப் போலீஸ்காரரே கேக்குறாரு, மஞ்சள் உள்ள இருக்கான்னு." அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆனாலும் சொன்னேன்.

பெண்கள் உடை மாற்றுகிற அறைக்குள் தனம் என்னைக் கூட்டிப் போனாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என் சேலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பெரியம்மா, ஒங்க சேலையக் குடுங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். "நிச்சயமான புள்ளடி நீ. தாலியறுத்தவ சேலையக் கட்டிட்டா மேடையேறுவ?"

"அங்க யாருக்கும் அது தெரியாது பெரியம்மா. வெள்ளைன்னுதான் தெரியும். சிவப்புன்னா கொடிங்கிறாங்க, மஞ்சன்னா கொடிங்கிறாங்க. இது ஒண்ணைத்தான் எவனும் வேணும்னு கேக்கல."

நான் முந்தானையை விடவில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள்: "பங்குனிக்கு மேல நான் எதுவும் கேக்க மாட்டேன். இன்னைக்குக் கேக்குறேன்."

என் புருஷன் போனபின் நான் மஞ்சளைக் கையால் தொட்டதில்லை. குளிக்கக்கூடத் தொட்டதில்லை. ஊர் கட்டிவிட்ட வெள்ளைதான். ஆனாலும் அதைத் தலை நிமிர்ந்து கட்டியிருக்கிறேன், ஒருத்தரிடம் ஒரு சொல் வாங்கியதில்லை. அதை அவிழ்த்துக் கொடுத்தால் எனக்கு மிச்சம் இருந்தது இரண்டு சேலை: ஒன்று கொடி, இன்னொன்றும் கொடி. மஞ்சளை எடுத்துக் கட்டினேன். காசு கொடுத்தவள் நான்தானே. தனம் என் வெள்ளையை நன்றாக நீவி, கொசுவம் வைத்துக் கட்டினாள். அது என் இடுப்பில் இருந்த துணி மாதிரியே இல்லை. காரியதரிசி அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று வழி விட்டார்.

போட்டி எப்படி நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் பார்க்கவில்லை. கொட்டகை வாசலில் நின்ற தொண்டர் கையைக் குறுக்கே நீட்டி, மஞ்சளுக்கு உள்ளே இடமில்லை என்றுவிட்டார். அந்தப் பெண்ணின் பெரியம்மா என்றேன். அதனால்தான் வெளியே மரியாதையாக நிற்க விடுகிறேன் என்றார். எதிரே வேப்பமரத்தடியில் நின்றேன். அங்கே இருந்த மஞ்சள் துண்டுக்காரர்கள் எனக்கு ஸ்டூல் போட்டு, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, தாய்மார்கள் சார்பில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். என் புளியமரங்களில் சுண்ணாம்பு அடித்தது யார் என்று கேட்டேன். அதன்பிறகு அவர்கள் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. உள்ளே நாலைந்து முறை கைதட்டல் கேட்டது. எது யாருக்கு என்று தெரியவில்லை.

நான்கு மணிக்குக் கதவைத் திறந்தார்கள். தனம் கழுத்தில் மாலையோடு வந்தாள். பின்னாலேயே காரியதரிசி வந்தார். முதலாவது தனம்தான் என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மெட்ராஸுக்கு என்றைக்கு வரவேண்டும் என்று கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தார். "மெட்ராஸ்ல தள்ளி வச்சிட்டாங்கம்மா. தேர்தல் முடிஞ்சு, புது சர்க்கார் வந்து, அவுங்க திரும்ப அனுமதி குடுக்கணும். ஆனி ஆகலாம், ஆடி ஆகலாம்."

"எப்பத் தெரியும் ஒமக்கு?"

"மத்தியானம் போன் வந்துச்சு."

"நாங்க சின்னாளபட்டியில அலைஞ்சப்பவா?"

சொல்லியிருந்தால் ஒருத்தியும் மேடை ஏறியிருக்க மாட்டாள் என்றார். அவர் சொன்னது சரிதான். அதனால்தான் எனக்குக் கோபம் கூடியது. கெட்டவர் என்று ஒருவரையும் பிடித்து வைய முடியாத ஊராக இருந்தது அது. எல்லாரும் இன்னொருவர் சொன்னதைத்தான் செய்கிறார்கள்.

ஐந்து மணி நத்தம் பஸ் காலியாக நின்றது. கிளம்புவதற்குள் நிலையத்துப் பெண்கள் அறையில் சேலையை மாற்றிக்கொள்ளலாம் என்றாள் தனம். குரல் செத்திருந்தது. வேண்டாம் என்றேன். "இனிமே எவனுக்காகவும் நான் சேலை மாத்துறதா இல்ல." அவள் மாலையைக் கழற்றி மடியில் வைத்தாள். கோபால்பட்டி வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆனியில் அவள் இன்னொரு வீட்டில் பிள்ளை உண்டாகியிருப்பாள். அதைத்தான் நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் நினைத்தேன்.

நத்தத்தில் இறங்கும்போது இருட்ட ஆரம்பித்திருந்தது. என் தங்கச்சி பஸ் நிலையத்துக்கே வந்திருந்தாள். முதலில் வெள்ளையில் இறங்கிய மகளைப் பார்த்து வாயில் கை வைத்தாள். பிறகு மஞ்சளில் இறங்கிய என்னைப் பார்த்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சோடாக் கடைக்காரர் கோலியை அழுத்துகிற கட்டையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"சேலையப் பாக்காத. சொல்றதக் கேளு" என்றேன். "பங்குனியில கல்யாணம் இல்ல."

"ஐயோ, என்னக்கா ஆச்சு? தோத்துட்டாளா?"

"ஜெயிச்சுட்டா. அதுக்குத்தான் சொல்றேன். சர்க்காரே தள்ளிப்போடுது, நம்ம போட்டா என்ன? புள்ள மெட்ராஸ் போயிட்டு வரட்டும். அதுக்கப்புறம் நாள் பாரு."

"அண்ணன் வீட்டுல என்ன சொல்லுவாக?"

"அவுங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்."

தனம் என் பக்கம் திரும்பவே இல்லை. மாலையிலிருந்து உதிர்ந்த பூவை ஒவ்வொன்றாகக் குனிந்து பொறுக்கினாள், ரொம்ப நேரம்.

திண்டுக்கல்லில் ஒரு சேலைக்கு அனுமதி வாங்க இரண்டு ஊரும் மூன்று பஸ்ஸும் ஆயிற்று. எங்கள் தெருவில் அனுமதி தரக் காரியதரிசி இல்லை, போலீஸ் இல்லை. இருபது வாசல் இருக்கிறது, வாசலுக்கு இரண்டு கண். அந்தத் தெருவில் நடுவாக நடந்து வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பினேன். என் தம்பி இருப்பது சிங்கம்புணரி ரோட்டில், பஸ்ஸுக்கு நாற்பது காசு. தனம் என் வெள்ளையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். காய்ந்துதான் இருந்தது. நான் எடுக்கவில்லை.