தாரை வார்க்காத கைகள்

போன முகூர்த்தத்தில் குத்தாலத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாருக்கும் நான் சொந்தமில்லை, பெண் வீட்டாருக்கும் இல்லை. பெண்ணின் அம்மாவுடைய கைகளுக்கு வைத்தியம் பார்த்தவள். அந்த முறையில் அழைப்பு.

மேடையில் தாரை வார்க்கும் நேரம் வந்தது. பெண்ணின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து அப்பா பிடித்துக்கொள்ள, அம்மா சொம்பிலிருந்து தண்ணீர் விட வேண்டும். பெற்று, வளர்த்து, படிக்கவைத்த ஒருத்திக்கு அந்த மேடையில் இருக்கிற வேலை அது ஒன்றுதான்.

சொம்பைப் பிடித்திருந்தது அம்மா இல்லை. சித்தி. பக்கத்தில் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா.

அம்மா வசந்தா மேடைக்குக் கீழே, நாதஸ்வரக்காரர்களுக்குப் பக்கத்தில் நின்றார். இரண்டு கைகளும் பட்டுப்புடவையின் முந்தானைக்குள் சுருண்டு கிடந்தன.

"பொண்ணோட அம்மா எங்கங்க?" என்றார் என் பக்கத்து நாற்காலிப் பெண்மணி.

"அவங்களுக்கு ஒடம்பு முடியலையாம்" என்று பின்னாலிருந்து யாரோ பதில் சொன்னார்கள்.

ஒடம்பு முடியலையா? அந்த உடம்பை எனக்குத் தெரியாதா? கல் மாதிரி இருக்கிறது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. தோலில் அங்கங்கே நிறம் போயிருக்கிறது, அவ்வளவுதான். வெண்புள்ளி. ‘வெண்குஷ்டம்’ என்று சொல்லாதீர்கள், குஷ்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று தோல் டாக்டர்கள் நாங்களும் தொண்டை வறளக் கத்துகிறோம். பேப்பரில் பெயர் மாறிவிட்டது. வாயில் மாறவில்லை.

வசந்தா முதன்முதலில் தஞ்சாவூருக்கு என்னிடம் வந்தது போன வருடம். குத்தாலத்திலிருந்து கும்பகோணம், அங்கே பஸ் மாறி தஞ்சாவூர். கணவர் கலியபெருமாளும் கூட வந்திருந்தார். சொந்தமாகக் கொஞ்சம் நிலம், மீதி குத்தகை. வசந்தா கல்யாணமான நாளிலிருந்து நாற்றுப் பறித்து, நடவு நட்டு, அந்தக் காசில் பெரிய பெண் கவிதாவை பேங்க் வேலை வரைக்கும் ஏற்றிவிட்டவர். முதுகில், முழங்காலில், கணுக்காலில், கையில்... எல்லா இடத்திலும் வெள்ளை விழுந்திருந்தது.

"கை மட்டும் போதும் டாக்டரம்மா."

"ஏங்க? முழுசாவே பாக்கலாமே?"

"மத்ததப் புடவ மறைச்சிடும். பெரியவளுக்கு மாப்ள பாக்குறோம். தார வாக்கணும்ல? அன்னைக்கு சபையில அத்தன கண்ணும் எங் கை மேலதான இருக்கும்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் ஆராய்ச்சி எதைப் பற்றி என்று நீங்கள் கேட்டால்... யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். எந்த இடத்து வெண்புள்ளி லேசருக்குக் கேட்கும், எது கேட்காது என்பதுதான். என் இளமை முழுக்க அதில்தான் போயிற்று. முகம் கேட்கும், கழுத்து கேட்கும். கை இருக்கிறதே, அது மகா பிடிவாதம். விரல் நுனி சுத்தமாகக் கேட்காது. உடம்பிலேயே முரண்டு பிடிக்கிற இடமாகப் பார்த்து இந்த அம்மாள் கேட்கிறார்!

‘லேசர்’ என்று போர்டு வைத்திருப்பதால் என்னிடம் வருகிற கூட்டத்தையும் சொல்ல வேண்டும். மீசை மாதிரி இருக்கிறது, எடுங்கள். பழைய காதலி பெயரைப் பச்சை குத்தியிருக்கிறேன், நிச்சயதார்த்தத்துக்குள் அழியுங்கள். ரிசப்ஷனுக்கு முகம் ‘பளிச்’சென்று வேண்டும். சொந்தக்காரர்கள்கூட, "வெள்ளையாக்குறதுக்கு வர்றவங்களப் பாத்தா போதாதா? வெள்ளையா ஆயிட்டவங்களக் கட்டிக்கிட்டு ஏன் அழுவுற?" என்று கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்லி மாளாது. தோலின் மேல் நம் ஆட்களுக்கு இருக்கிற ஆசையும் சரி, வெறுப்பும் சரி, இரண்டுமே எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது.

வசந்தாவுக்கு ஆரம்பித்தோம். புள்ளியின் மேல் மட்டும் புற ஊதா ஒளியைப் பாய்ச்சும் லேசர். வாரம் இரண்டு தடவை வர வேண்டும். அசராமல் வந்தார். "கையில கீறல் படக் கூடாதும்மா, பட்ட எடத்துல புதுசா வெள்ள விழும்" என்றேன். சிரித்தார். "வயல்ல எறங்குனா வரப்புப் புல்லே கீறும் டாக்டரம்மா, அதுக்கு யாருகிட்டப் போயி சொல்றது?" அப்புறம் கிழிந்த சட்டையில் கையுறை தைத்துப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்.

சில மாதங்கள் கழித்து ஒரு நாள், மணிக்கட்டுக்குக் கீழே, பால் வெள்ளைக்கு நடுவில் மிளகு தூவினாற்போல் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். வெண்புள்ளி குணமாகிற விதம் அப்படித்தான். மயிர்க்கால்களுக்குள் ஒளிந்திருக்கிற நிறமி செல்கள் உயிர் பிடித்து, புள்ளி புள்ளியாக மேலே வரும். பிறகு ஒன்றோடொன்று சேரும். முதலில் பார்ப்பதற்கு அசிங்கமாகத்தான் இருக்கும். எனக்கு அதைவிட அழகான காட்சி கிடையாது.

"நட்ட பயிரு பச்ச புடிக்கிற மாதிரி இருக்கு" என்றார் வசந்தா. ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை. நான் கவனித்தேன். பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

வசந்தாவின் சம்மதத்தோடு அந்தக் கையைப் படம் எடுத்து, சென்னையில் ஒரு மாநாட்டில் திரையில் காட்டினேன். ஏசி ஹாலில் பெரிய பெரிய டாக்டர்கள் கைதட்டினார்கள். ‘எக்ஸலன்ட் ரெஸ்பான்ஸ்’ என்றார் ஒருவர். பூரித்துப்போய் ஊர் திரும்பினேன்.

எனக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. மன்னார்குடிப் பக்கம் ஒரு வரன் கூடிவந்திருந்தது. பார்க்க வந்த அன்றைக்கு மாப்பிள்ளையின் அம்மா வசந்தாவின் கையைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்க, கலியபெருமாள் சட்டென்று சொல்லியிருக்கிறார்: "கஞ்சி வடிக்கயில பான நழுவி ரெண்டு கையும் வெந்துபோச்சுங்க." நம்பிவிட்டார்கள். ஒரே சீராக வெள்ளையாக இருந்தால் யார்தான் நம்பமாட்டார்கள்?

பொய் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, என் லேசர் வேலை செய்கிற வரைக்கும்!

முகூர்த்தப் புடவை எடுக்கக் கும்பகோணத்துக்கு இரண்டு வீட்டாரும் போயிருக்கிறார்கள். வசந்தா ஒரு புடவையை விரித்துப் பிடித்திருக்கிறார். மாப்பிள்ளையின் அம்மா அந்தக் கையையே பார்த்திருக்கிறார். "என்ன சம்பந்தி, வெந்த எடத்துல புள்ளி புள்ளியா ஏதோ பரவுதே?"

குணமாவதை நோய் என்று படித்துவிட்டார்கள். எங்கே போய் முட்டிக்கொள்வது?

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரம் கலியபெருமாளும் வசந்தாவும் மாப்பிள்ளையின் அப்பாவை என் கிளினிக்குக்கே அழைத்து வந்தார்கள். "நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்க டாக்டரம்மா" என்று கும்பிட்டார் வசந்தா. சம்பந்தி ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். அப்பாடா, நம் பாஷை புரிகிற மனிதர் என்று நினைத்தேன்.

"தொத்துமா டாக்டர்?"

"தொத்தாதுங்க. ஒரே தட்டுல சாப்ட்டாலும் தொத்தாது."

"பரம்பரையா வருமா?"

"பெரும்பாலும் வராது."

"பெரும்பாலும்னா?"

"ஒரு சில குடும்பங்கள்ல..."

"அப்ப வரலாம்" என்றார். ‘பெரும்பாலும்’ என்பது ஆராய்ச்சி செய்கிறவளுக்கு நேர்மையான சொல். கல்யாணப் பேச்சில் அதை எடுத்து என் பேஷன்ட் கழுத்திலேயே மாட்டிவிட்டார்.

"பொண்ணு தங்கமான பொண்ணு. கல்யாணத்த நிறுத்துற எண்ணம் எங்களுக்கு இல்ல. ஆனா சபையில அந்தக் கை வேணாம். இவங்க தங்கச்சியும் அவங்க வீட்டுக்காரரும் தார வாக்கட்டும்."

"ஏன் சார், நீங்க அறிவியல் வாத்தியார்தானே?" என் குரல் உயர்ந்துவிட்டது. "பசங்களுக்கு என்னதான் சொல்லிக்குடுத்தீங்க?"

"பாடம் வேற, பந்தல் வேறங்க டாக்டர்."

கலியபெருமாள் தலை நிமிரவே இல்லை. "சரிங்க சம்பந்தி" என்றார் வசந்தா. யாரும் அவரைக் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

கவிதா குதித்தாளாம். அம்மா தாரை வார்க்காத கல்யாணம் எனக்கு வேண்டாம் என்று இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். "எங் கை தண்ணி ஊத்தலன்னா ஒன் வாழ்க்க ஓடாதா? வாய மூடிக்கிட்டு சாப்புடுடி" என்று வசந்தாதான் அடக்கியிருக்கிறார். மேடையில் கவிதா அழுதுகொண்டே இருந்தாள். ஹோமப் புகை என்று வந்தவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

‘இவள் தரங்கம்பாடிக் கிறிஸ்தவச்சி, நம் சடங்கைக் குறை சொல்ல வந்துவிட்டாள்’ என்று உங்களில் சிலர் கடிதம் எழுதுவீர்கள். எழுத வேண்டாம். எங்கள் சர்ச்சில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில், வெள்ளை விழுந்த கையைத் தாண்டி அடுத்த கைக்குப் போகிறவர்களை நான் ஞாயிறுதோறும் பார்க்கிறேன். இந்த விஷயத்தில் எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

தாலி கட்டி முடிந்தது. பந்தியில் பேருக்கு உட்கார்ந்து எழுந்தேன். கை கழுவப் போனால் அங்கே வசந்தா எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"சாப்ட்டீங்களா டாக்டரம்மா? பாயசம் விட்டுக்கிட்டீங்களா?"

"வசந்தா, நான் உங்களுக்கு ஒண்ணுமே..."

"அட, விடுங்க. பொண்ணு நல்லபடியா கரையேறிட்டா." அக்கம்பக்கம் பார்த்துவிட்டு முந்தானையிலிருந்து கைகளை வெளியே எடுத்தார். புள்ளிகள் சேர ஆரம்பித்திருந்தன. என் வாழ்நாளில் இந்த அளவுக்குக் கேட்ட கை இன்னொன்று இல்லை. "ஒண்ணு கேக்கணும். இந்தப் புள்ளியெல்லாம் மறுபடி வெள்ளையாக்கிட முடியுமா?"

"என்னது?"

"அடுத்து சின்னவளுக்குப் பாக்கணும்ல. முழுசா வெள்ளையா இருந்தப்ப வெந்த தழும்புன்னு சொன்னா நம்புனாங்க டாக்டரம்மா. நீங்க வர வச்சீங்க பாருங்க, அதுதான் காட்டிக் குடுத்துருச்சு. பழையபடி ஆக்கிட்டீங்கன்னா, அவளுக்காவது எங் கையால தண்ணி ஊத்திடுவேன்."

"முடியாதும்மா" என்றேன்.

பொய். அதற்கும் லேசர் இருக்கிறது.