பின்லாந்துப் பாடம்

ஒரே மகன் நிஹால் மேல்படிப்புக்கு அங்கே கிளம்பியபோதுதான் பேகம்பூர் அஜீஸுன்னிசா பின்லாந்து என்ற பேரையே கேட்டாள். முதல் வருஷம் வாரம் தவறாமல் போன் வந்தது. பிறகு மாதத்துக்கு ஒன்று. பிறகு பெருநாளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வாழ்த்துப் படம்.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் அவள் அஞ்சல்வழியில் பி.ஏ. சேர்ந்தாள். பிரியாணிக் கடை வைத்திருந்த கணவர் பக்ருதீன் தடுக்கவில்லை. ஒரு தாளுக்கு, வெளிநாடு ஒன்றின் பண்பாட்டைத் தானே படித்துக் கட்டுரை எழுத வேண்டும். அதற்கென்று பல்கலைக்கழகத்தில் ஒரு ஏஐ செயலியைப் போனில் ஏற்றிக் கொடுத்தார்கள். தமிழிலேயே கேட்கலாம். ஆனால் பதிலை உடனே சொல்லிவிடாது. என்ன படிக்கலாம் என்று காட்டும், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கும்.

அவள் பின்லாந்தை எடுத்தாள். அங்கேயும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்கள் என்று படித்ததில் மனசு கொஞ்சம் ஆறியது. அந்த ஊர்க்காரர்கள் அதிகம் பேசமாட்டார்கள், பேசாமல் இருப்பதைக் குறையாக நினைக்கவும் மாட்டார்கள் என்று தெரிந்த அன்று நன்றாகத் தூங்கினாள். மகன் அந்த ஊர்க்காரனாகிவிட்டான், வேறொன்றுமில்லை. பக்ருதீனிடமும் அப்படியே சொன்னாள். அவர் தட்டைப் பார்த்தபடி தலையாட்டினார்.

மே மாதம் இரண்டாம் ஞாயிறு அங்கே அன்னையர் தினம், பிள்ளைகள் அம்மாவுக்குக் காபி போட்டுப் பூவும் கொடுப்பார்கள் என்று பிறகு படித்தாள். அந்த ஞாயிறு முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். அழைப்பு வரவில்லை.

மறுநாள் செயலியில், அங்கே பிள்ளைகள் அம்மாவுக்குப் போன் பண்ணமாட்டார்களா என்று கேட்டாள். படித்ததிலிருந்து உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்றது அது. "எனக்குத் தெரியல, நீயே சொல்லு" என்று எழுதினாள்.

"அங்கேயும் நிறையப் பேர் அம்மாவிடம் அடிக்கடி பேசுகிறார்கள். ஒருவர் பேசாமல் இருந்தால் நாட்டுப் பழக்கம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. யாரையாவது நினைத்துக் கேட்கிறீர்களா?"

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கடையிலிருந்து வந்த பக்ருதீனிடம், "அது அந்த ஊர்ப் பழக்கம் இல்லையாங்க" என்றாள்.

"தெரியும். நீ நிம்மதியா இருந்தியேன்னுதான் சொல்லல" என்றார் அவர்.

கட்டுரையை எழுதி அனுப்பினாள். மௌனத்தைப் பற்றிய பகுதி அருமை என்று குறிப்பெழுதி நல்ல மார்க் போட்டிருந்தார்கள். அதைப் படம் எடுத்து நிஹாலுக்கு அனுப்பினாள். இரண்டு நாள் கழித்து பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

அடுத்த வருஷம் அவள் படிப்பைத் தொடரவில்லை.