கருப்பி கேட்ட முள்ளில்லாக் கொடி

நான் மூன்றாம் வகுப்பு தாண்டாதவன். பன்னிரண்டு வயதில் கலவைச் சட்டி தூக்கி, கொத்தனாராகி, கோட்டையூரில் என் கையாலேயே வீடு கட்டினேன். எவன் வாசலிலும் போய் நின்றதில்லை. அப்பேர்ப்பட்ட மலையாண்டியை ஒருத்தி நிற்க வைத்தாள். என் பெண்டாட்டி கருப்பி.

நான் கல் சுமந்த காலத்தில் அவள் கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேலம் வெட்டினாள். முப்பது வருசம். சர்க்கரை வந்தபின் ஒரு முள் குத்திச் சீழ் பிடித்து, நடுவிரலில் பாதி போனது.

மகள் காளீஸ்வரி கொடைக்கானலிலிருந்து முள்ளில்லாத பிளாக்பெர்ரி நாற்று கொண்டுவந்தாள். கருப்பி தண்டை மேலும் கீழும் தடவினாள்.

"பயப்படாமத் தொடலாம் போல. இதுல ஒரு பழமாச்சும் என் கையால பறிக்கணும்."

நம்ம வெயிலுக்கு நிற்காது என்றேன். பழைய சேலையை நிழலுக்குக் கட்டி நிற்க வைத்துவிட்டாள். வருசம் முழுக்கக் கொடி ஓடியதே தவிர, பூ இல்லை. முருங்கையை ஒடித்து வளர் என்பது நமக்குத் தெரியாததா? தை மாசம் அவள் சந்தைக்குப் போன நேரம் அத்தனையையும் அடியோடு வெட்டினேன். சுத்தமான வெட்டு.

வந்தவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"வெட்டிட்டீகளா?"

"துளிர்க்கும்டி."

"இதென்ன முருங்கையா? போன வருசக் கொடியிலதான் பூக்கும்னு காளி படிச்சுப் படிச்சுச் சொன்னாளே! உங்க காதுல எங்க ஏறும்?"

குனிந்து தேடினாள். மழைத்தண்ணி போக மதிலடியில் நான் விட்ட ஓட்டை வழியே ஒரே ஒரு கொடி அங்குட்டுப் போயிருந்தது. அது என் கண்ணுக்குத் தப்பியிருந்தது. அந்த ஓட்டைத் தண்ணி தன் தோட்டத்தில் பாய்கிறதென்றுதான் பக்கத்து வீட்டுச் சேவுகப்பெருமாளோடு ஆறு வருசமாகப் பேச்சில்லை. தன் மகள் கல்யாணப் பந்தலுக்கு அவன் தோட்டத்தை வெட்டிச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தான். அரிவாள் சத்தம் கிட்டே வந்தது.

"தம்பி, அந்தக் கொடிய விட்டுருங்க!" கருப்பி கத்தினாள்.

"வீட்டு ஆம்பளைய வந்து பேசச் சொல்லுங்க மதினி. அதுவரைக்கும் அரிவாள் காத்திருக்கும், ரொம்ப நேரமில்ல."

அவள் என்னைப் பார்த்தாள். அந்த அரைவிரலால் மதிலைக் காட்டினாள். செருப்புக்கூடப் போடாமல் போனேன்.

அவன் கொடிக்கடியில் அரிவாளை வைத்து நின்றான். "வாங்கண்ணே. ஓட்டைய அடைப்பீகளா?"

"அடைக்கிறேன். கொடிக்கு மட்டும் விரல்கடை இடம் விடு. தண்ணிய நானே தெருவுக்குத் திருப்புறேன்."

"கேக்குறீகளா, சொல்றீகளா?"

"கேக்குறேன்டா."

அரிவாளைக் கொடியிலிருந்து விலக்கினான்.

எழுபத்தொரு வயதில் மறுபடி கரண்டி பிடித்தேன். ஒரே பகலில் கொடிக்கு மட்டும் இடம் விட்டு ஓட்டையை அடைத்து, தெருவுக்கு வாய்க்கால் கட்டினேன். இன்றைக்கு எந்தக் கொத்தனார் கட்டுவான்?

சித்திரையில் அந்தப் பக்கம் ஏழு பழம் கறுத்தது. சேவுகப்பெருமாள் கருப்பிக்கு நாற்காலி போட்டான். அவள் உட்காரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அடியிலிருந்து நுனிவரை தண்டைத் தடவிப் போய், ஒன்றைப் பறித்து வாயில் போட்டாள்.

"புளிக்குது," என்றாள்.

அடுத்ததைப் பறித்தாள்.